எண்ணெய், வியர்வை, ஏசி: நம் ஊர் வயலின் படும் பாடு

வயலின் பராமரிப்பு பற்றி மேலை நாடுகளில் எழுதப்பட்ட எந்தக் கையேட்டைத் திறந்தாலும் முதல் பக்கத்திலேயே குளிர்காலம் வந்துவிடும். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று உலரும், மரம் சுருங்கும், மேல்பலகை வெடிக்கும், ஆகவே ஈரத்தைக் கூட்டுங்கள் என்பார்கள். அதற்கென்றே டாம்பிட் என்று ஒரு ரப்பர் குழாய் விற்கிறது. உள்ளே பஞ்சு. தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வயலின் மேல்பலகையில் f எழுத்து வடிவில் இருக்கும் எஃப் துளை வழியாக உள்ளே தொங்கவிட வேண்டும். மயிலாப்பூரில் ஒருவர் ஐப்பசி மாதத்தில் தன் வயலினுக்குள் இதைத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தேன். வெளியே அடைமழை. கொடியில் போட்ட துணி காயாமல் நாறிக்கொண்டிருந்தது. வயலினுக்கு மட்டும் ஈரம் போதவில்லை என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கையேடு சொல்வது தப்பு இல்லை. அது வேறு ஊருக்கு, வேறு விதமாக வாசிப்பவர்களுக்கு எழுதியது. நம் வயலின்காரர் தரையில் சம்மணமிட்டு உட்கார்கிறார். வயலினின் சுருள் முனை அவர் வலது கணுக்காலில் ஊன்றி நிற்கிறது. இடது கை விரல்களில் தேங்காய் எண்ணெய். இன்று மாலை 5 கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடும் பாடகிக்கு வாசித்துவிட்டு நாளைக் காலை 1 கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் பாடும் பாடகருக்கு வாசிப்பார். ஜெர்மனியிலோ சீனாவிலோ அந்த வயலினைச் செய்தவர் இதில் எதையும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். சென்னையை அடுத்த மணலியில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1834-ல் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசளித்தார். இவ்வளவு காலம் நம்மிடம் இருக்கும் வாத்தியத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது இன்றும் குருவிடமிருந்து சீடனுக்கு வாய்வழியாகத்தான் போகிறது. அதில் நல்ல விஷயங்களும் உண்டு, வாத்தியத்தைக் கொல்லும் பழக்கங்களும் உண்டு.

முதலில் மரம். வயலினின் மேல்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் மேப்பிள், விரல் ஓடும் பலகை கருங்காலி. ஸ்ப்ரூஸ், மேப்பிள் இரண்டும் குளிர்நாட்டு மரங்கள். வெட்டி, காய வைத்து, நூறு வருஷம் ஆனாலும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்தாது. வாங்கினால் உப்பும், அதுவும் நார் ஓடும் திசையில் அல்ல, குறுக்கே. மேல்பலகை அகலவாக்கில் உப்பும்போது அதன் வளைவு மேலெழும்புகிறது. அதோடு, கம்பிகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய மரத்துண்டான பிரிட்ஜும், பிரிட்ஜோடு கம்பிகளும் உயர்கின்றன. அடைமழை நாட்களில் "கம்பி அழுத்தவே முடியலை சார்" என்று மாணவர்கள் சொல்வது சோம்பேறித்தனம் இல்லை, நிஜமாகவே கம்பி உயர்ந்திருக்கும்.

வயலினுக்கு இதமான ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். மழைக்காலத்தில் சென்னைக் காற்றில் அது 80-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். அப்படியே ஏசி போட்ட சபாவுக்குள் நுழைந்தால் ஈரம் சட்டென்று இறங்குகிறது. மார்கழி சீசனில் வயலின் படும் அவஸ்தை இதுதான். ஈரத்தைவிட, ஈரத்தின் ஏற்ற இறக்கம்தான் மரத்தை அதிகம் வாட்டுகிறது. வெளியே உப்பிப்போய் இறுகி நின்ற பிரடை (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் மர முளை), மேடையில் ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் சுருங்கி, கச்சேரித் தொடக்கத்தில் வாசிக்கும் வர்ணத்தின் நடுவில் 'டர்ர்' என்று அவிழும். சபையில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்சம் முன்னாடியே போய், வயலினைப் பெட்டிக்குள்ளேயே வைத்து அரங்கின் குளிர்ச்சிக்குப் பழக விட்டால் பாதித் தொல்லை குறையும். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானியும் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்கள் இரண்டும் போட்டு வைக்கலாம். பொட்டலத்தை அவ்வப்போது காய வைக்காவிட்டால் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் அதை ஆயுள் காப்பீடு மாதிரி போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

பிரடை ஒரு கூம்பு. ஒவ்வொரு 30 மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டர் குறுகும்படி கடைந்திருப்பார்கள். அந்தக் கூம்பு அதே சரிவுள்ள துளையில் உரசிப் பிடித்து நிற்பதுதான் சுருதி நிற்பதற்கான முழு ரகசியமும். வழுக்கினால் சாக்பீஸ் பொடி, இறுகினால் சோப்பு. பழைய வைத்தியம், இன்றும் வேலை செய்யும். பிரடைக்கென்றே விற்கும் பழுப்பு நிறப் பசை இன்னும் நல்லது. இறுகிய பிரடையை இடுக்கியால் திருகாதீர்கள், பிரடைப் பெட்டியின் சுவர் பிளந்துகொண்டால் அது பெரிய செலவு. இப்போது உள்ளே நுண்ணிய பல்சக்கரங்கள் வைத்த பிரடைகள் வந்திருக்கின்றன. வெளியே பார்த்தால் சாதாரணப் பிரடை மாதிரியே இருக்கும், மழையோ ஏசியோ அவற்றுக்கு ஒன்றுதான். பக்கவாத்தியம் வாசிக்கும் எவருக்கும் நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான், கம்பியை விட, வில்லை விட. மரபுக்கு ஒத்துவராது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கம்பிகளின் கீழ்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸில், சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் நான்கு ஃபைன் ட்யூனர்களை மாட்டிக்கொண்டே அதைச் சொல்வார்கள்.

அப்புறம் பிரிட்ஜ். நான்கு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை 20 கிலோவுக்கு மேல். அதில் ஏழெட்டு கிலோ பிரிட்ஜ் வழியாக மேல்பலகையை அழுத்துகிறது. பிரிட்ஜ் எதனாலும் ஒட்டப்படவில்லை, அந்த அழுத்தத்தில்தான் நிற்கிறது. பிரடையை முறுக்கிச் சுருதியை ஏற்றும் ஒவ்வொரு முறையும் கம்பி, பிரிட்ஜின் தலையை விரல் பலகைப் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். மேலை நாட்டு வயலின்காரர் வருஷம் முழுவதும் ஒரே சுருதியில் இருப்பவர், அவருக்கு இது எப்போதோ வரும் பிரச்சினை. நமக்கோ கட்டை மாறும் ஒவ்வொரு கச்சேரிக்கும் வருகிறது. 1 கட்டைக்கு இறக்கி, மறுபடி 5 கட்டைக்கு ஏற்றினால் பிரிட்ஜ் தலை சாய்ந்துவிடும். கவனிக்காமல் விட்டால் முதலில் பிரிட்ஜின் மேப்பிள் மரம் வளைந்துபோகும், பிறகு ஒரு நாள் பிரிட்ஜ் படாரென்று விழும்.

பார்க்கும் முறை எளிது. வயலினைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். பிரிட்ஜின் டெயில்பீஸ் பக்கத்து முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். மறுமுகம் இயல்பாகவே சரிந்திருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாய்ந்திருந்தால் வயலினை மடியில் வைத்து, இரண்டு கைக் கட்டைவிரல்களாலும் ஆள்காட்டி விரல்களாலும் பிரிட்ஜின் மேல் விளிம்பைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு நகர்த்தலாம். கம்பிகள் முழு இறுக்கத்தில் இருந்தால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். கம்பி படியும் பள்ளங்களில் பென்சில் ஈயம் தடவி வைத்தால் கம்பி வழுக்கிக்கொண்டு போகும், பிரிட்ஜை இழுக்காது. பிரிட்ஜின் பாதம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு எஃப் துளைகளின் உள்பக்கச் சிறு வெட்டுகள்தான் அடையாளம்.

வசதி உள்ளவர்கள் இரண்டு வயலின் வைத்துக்கொள்வதும் இதனால்தான். தாழ்ந்த சுருதிக்கு ஒன்று, உயர்ந்த சுருதிக்கு ஒன்று. 1 கட்டையில் சாதாரணக் கம்பி தொளதொளத்துவிடும், அதற்குக் கனமான கம்பி வேண்டும். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவின் கம்பியைப் போடுகிறவர்களும் உண்டு.

கம்பி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதிதை மாட்டி, கிட்டத்தட்டச் சுருதிக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜ் விழும், அதோடு உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்டும் விழக்கூடும். இது பென்சிலை விடச் சற்று ஒல்லியான ஸ்ப்ரூஸ் குச்சி. முதல் கம்பிப் பக்கம் பிரிட்ஜின் காலுக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் முதுகுக்கும் நடுவே, ஒட்டாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. விழுந்துவிட்டால் உள்ளே கடகடவென்று உருளும். அப்போது கம்பிகளைத் தளர்த்திவிட்டு ரிப்பேர்காரரிடம் போங்கள். முட்டு இல்லாத பலகை மேல் கம்பியின் பாரத்தை ஏற்றி வைத்தால் பலகை உட்காரும், விரிசல் விடும்.

எண்ணெய்க்கு வருவோம். மேலை நாட்டு வயலின்காரர்களிடம் விரலில் எண்ணெய் தடவுவோம் என்று சொன்னால் அதிர்ந்துபோவார்கள். ஆனால் விரல் கம்பியில் வழுக்கிப் போகும் ஜாருவும், ஸ்வரத்தை அசைக்கும் கமகமும் உலர்ந்த விரலில் ஓடாது, தோல் கிழியும். எண்ணெயை விடச் சொல்வது நம் சங்கீதத்தையே விடச் சொல்வது மாதிரி. எனவே கேள்வி, எண்ணெய் எங்கெல்லாம் போகக்கூடாது என்பதுதான்.

சின்ன டப்பாவில் பஞ்சு, பஞ்சில் எண்ணெய், அதை விரல் நுனியால் தொட்டால் போதும். டப்பாவிலேயே விரலைத் தோய்ப்பவர்களின் வயலினில் தொண்டைவரை கறுப்புக் களிம்பு படிந்திருப்பதைப் பார்க்கலாம். எண்ணெய், வில்லில் தேய்க்கும் பிசினான ரோசினின் தூள், வியர்வை, விரல் தோல் எல்லாம் சேர்ந்த களிம்பு அது. கம்பியின் மேல் சுற்றியிருக்கும் மெல்லிய உலோக நாடாவின் இடுக்குகளில் இது போய் உட்கார்ந்ததும் கம்பியின் நாதம் மங்கும், நாதசுத்தம் போகும். வியர்வை அலுமினியச் சுற்றை அரித்து, விரல் அடிக்கடி நிற்கும் இடத்தில் பிரித்துவிடும். கம்பி அறுவதற்கு முன்பே செத்துப்போகிறது என்பார்கள், அது இதுதான்.

இன்னொரு இடம் உண்டு. தாரஸ்தாயிக்கு (மேல் ஸ்தாயி) மேல் சஞ்சாரம் போகும்போது எண்ணெய் விரல் பிரிட்ஜை நோக்கி நகர்கிறது. வில் ஓடும் இடத்துக்கு எண்ணெய் வந்துவிட்டால் அங்கே வில் பிடிக்காது, வழுக்கும். ரோசின் போதவில்லை என்று நினைத்து இன்னும் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க மாவு கொட்டும், ஒலி கீறும். வாசித்து முடித்ததும் இரண்டு துணி வேண்டும், ஒன்று எண்ணெய்ப் பகுதிக்கு, ஒன்று வில் ஓடும் பகுதிக்கும் உடம்புக்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டு தாராளம். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் துடைத்ததே வீண்.

ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்கலாமா என்று கேட்பார்கள். கம்பியைத் துடைக்கலாம், ஆனால் ஒரு சொட்டு வார்னிஷில் விழுந்தால் அந்த இடத்தில் வார்னிஷ் கரைந்துவிடும். சானிடைசர் தடவிய கையோடு வயலினை எடுப்பதும் அதே கணக்குதான். விலை மலிவான வயலின்களில் கருங்காலிக்குப் பதில் வெள்ளை மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். எண்ணெய் பட்டதும் சாயம் விரலில் ஒட்டும். பிள்ளையின் விரல் கறுத்தால் உழைப்பென்று பூரிக்க வேண்டாம், பலகையைப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். ஏசி அரங்கில் டப்பாவைத் திறந்தால் வெண்ணெய் மாதிரி இருப்பது அதனால்தான். அமெரிக்காவில் 1978 முதல் நடக்கும் கிளீவ்லாண்ட் தியாகராஜ ஆராதனைக்கு நம்மவர்கள் போவது ஈஸ்டரை ஒட்டி. அங்கே அப்போதும் ஹீட்டர் ஓடும் நாட்கள் உண்டு. ஆரம்பத்தில் கேலி செய்த அந்த ரப்பர் குழாயைப் பெட்டியில் எடுத்துவைக்க வேண்டிய பயணம் அது. சென்னையில் உப்பிப் பழகிய வயலின், அந்த உலர்ந்த காற்றில் சட்டென்று சுருங்கினால் விரிசல் விடும்.

வில்லைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முடி ஈரத்தில் நீளும், உலர்ந்தால் சுருங்கும். 1783-ல் சொசூர் என்ற சுவிஸ் விஞ்ஞானி இந்தக் குணத்தை வைத்தே முடியால் ஈரமானி செய்தார். வில்லில் இருப்பதும் குதிரை வால் முடிதான், நூற்றைம்பது முதல் இருநூறு இழைகள். மேடைக்குப் பின்னால் ஈரமான ஒப்பனை அறையில் இறுக்கிய வில்லைத் தளர்த்தாமல் ஏசி மேடைக்குக் கொண்டுபோனால் முடி சுருங்கி, குச்சியை இழுக்கும். குச்சி கோணும், சில சமயம் நுனித்தலை முறியும். வாசித்ததும் திருகைத் தளர்த்தச் சொல்லும் விதி உலகம் முழுவதற்கும் பொது என்றாலும் நமக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. நல்ல வில் பிரேசிலின் பெர்னாம்புகோ மரத்தில் செய்தது. அந்த மரம் அருகிப்போய், 2007 முதல் அதன் உலக வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கோணிப்போன பழைய வில்லைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு நல்ல கைக்காரரிடம் காட்டுங்கள், சூடு காட்டி நிமிர்த்துவார்கள். கச்சேரிக்குக் கார்பன் வில், வீட்டுக்கு மர வில் என்று வைத்துக்கொள்வதும் புத்திசாலித்தனம்.

வில்லின் முடியை விரலால் தொடக்கூடாது, எண்ணெய்க் கையால் அறவே கூடாது. மாதக்கணக்கில் திறக்காத பெட்டியைத் திறந்ததும் முடி கொத்தாக உதிர்ந்தால் ஒரு வகைச் சிறு வண்டின் புழு உள்ளே குடியிருக்கிறது. இருட்டும் புழுக்கமும் அதற்கு வேண்டும். வயலினையும் வில்லையும் வெளியே எடுத்துவிட்டு, காலிப் பெட்டியை மூலை முடுக்கெல்லாம் வேக்குவம் போட்டு வெயிலில் விரித்து வையுங்கள். இதற்கு நிரந்தர மருந்து தினமும் சாதகம் செய்வது.

இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதி, பசை. வயலின் முழுவதும் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டப்பட்டது. இந்தப் பசை சூட்டிலும் ஈரத்திலும் இளகும். பலவீனம் மாதிரித் தெரிகிறதா? மரம் உப்பிச் சுருங்கும்போது எங்காவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். பசை விட்டுக்கொடுத்தால் ஓரத்தில் ஒரு திறப்பு, அரை மணி வேலை. பசை பிடிவாதமாக இருந்தால் பலகை பிளக்கும். இத்தாலியின் கிரெமோனாவில் முந்நூறு வருஷத்துக்கு முன் செய்த வயலின்கள் இன்றும் பேசுவதற்குக் காரணம், அவற்றைத் திறந்து, உள்ளே சரிசெய்து, மறுபடி மூட முடிந்ததுதான். அந்த ஊரின் ஸ்ட்ராடிவேரி செய்த பெரும்பாலான ஸ்ட்ராடிவேரியஸ்களின் கழுத்து இப்போது அசல் இல்லை, பின்னாளில் மாற்றியது. பழைய வயலின் மேதை பகனினி வாசித்த, அதே ஊரின் குவார்னேரி 1743-ல் செய்த வயலின் இன்றும் இத்தாலியின் ஜெனோவா நகரத்தின் சொத்தாக, அவ்வப்போது வாசிக்கப்பட்டு வருகிறது.

இதனால்தான் தச்சரிடம் போகாதீர்கள் என்று மன்றாடுகிறேன். கட்டிலுக்கும் அலமாரிக்கும் போடும் வெள்ளைப் பசை அற்புதமானது, ஒட்டினால் ஒட்டினதுதான். வயலினுக்கு அதுவே கேடு. அடுத்த முறை திறக்க வரும் ரிப்பேர்காரர் கத்தியை விடும்போது பசை வராது, மரம் வரும். நான் வழக்கமாகப் போகும் பெரியவர், யார் வயலினைக் கொண்டுவந்தாலும் முதலில் விரல் முட்டியால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வருவார். ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டிச் சத்தம், திறந்த இடத்தில் பொத்தல் சத்தம். "தம்பி, இங்க வாயைத் திறந்திருக்கு, நல்லதாப் போச்சு" என்பார். வெள்ளைப் பசையைப் பார்த்தால்தான் அவருக்குக் கோபம் வரும். இந்தத் தட்டும் சோதனையை நீங்களே செய்யலாம். காரணம் தெரியாத இரைச்சல் கேட்டால் முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். அடுத்து ஃபைன் ட்யூனரின் திருகு ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பாதி இரைச்சல் அங்கேதான் இருக்கும்.

அதே பசை 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் மெழுகாகிவிடும். சித்திரை வெயிலில் கதவு சாத்தி நிறுத்திய காரில் அந்தச் சூடு வருவது கஷ்டமில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் பீரோ உச்சியும் நல்ல இடம் இல்லை. சுவரோரம் தரையில் வைத்தால் கரையான். கட்டிலின் மேல், குழந்தை எட்டாத பக்கம், மூடிய பெட்டியில் என்றால் சரி.

சரஸ்வதி பூஜையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வருஷத்தில் ஒரு நாள் வயலினுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். ஈரச் சந்தனம் வார்னிஷில் காய்ந்தால் வெண்தழும்பாக நிற்கும், சுரண்டினால் வார்னிஷ் போகும். பக்கத்திலேயே குத்துவிளக்கு, மேலே நீர் சொட்டும் பூச்சரம். நான் பொட்டைப் பெட்டிக்கு வைக்கிறேன், பூவைப் பெட்டியின் மேல் வைக்கிறேன். அம்மனுக்கு ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை. மாமிகள் சிலருக்கு இருந்தது.

வில் போட்டு வாசிக்கும் மற்ற வாத்தியங்களுக்கும் அடிப்படை இதேதான், அளவு மாறும். செல்லோவின் பலகை பெரிது, அதனால் உப்புவதும் சுருங்குவதும் பெரிது. அமெரிக்காவில் கோடைக்கு ஒரு பிரிட்ஜ், குளிருக்கு ஒரு பிரிட்ஜ் என்று இரண்டு வைத்திருக்கும் செல்லோக்காரர்கள் உண்டு. மூலையில் சாய்த்து வைக்காமல் பக்கவாட்டில் படுக்க வைப்பதே அதற்குப் பாதுகாப்பு. வட இந்திய வில் வாத்தியமான சாரங்கியின் வயிறு ஆட்டுத்தோல், முக்கியமான கம்பிகள் நரம்பு. ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து ஒலி அமுங்கும். அவர்கள் எண்ணெய் தொடுவதில்லை, நகத்தோரம் வழுக்கிச் செல்ல டால்கம் பவுடர் போடுகிறார்கள். தோல் வாத்தியத்துக்கு எண்ணெய் ஆகாது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கடைசியாக, பரணிலிருந்து தாத்தாவின் வயலினை இறக்குகிறவர்களுக்கு. எஃப் துளை வழியாக டார்ச் அடித்தால் உள்ளே ஒரு காகிதத்தில் ஸ்ட்ராடிவேரியஸின் பெயரும் 17 என்று தொடங்கும் ஒரு வருஷமும் தெரியும். அது எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதற்கான சீட்டு. ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷனிலும் பிரான்ஸின் மிர்கூரிலும் ஆயிரக்கணக்கில் செய்து உலகம் முழுவதும் அனுப்பியவை இப்படித்தான் வந்தன. அசல் ஸ்ட்ராடிவேரியஸ் வாத்தியங்கள் உலகத்தில் எஞ்சியிருப்பவையே சுமார் 650. ஏமாற்றம் வேண்டாம், அந்த ஜெர்மன் வயலின்களில் நல்ல மரமும் நல்ல குரலும் உள்ளவை நிறைய.

இறக்கியதும் துருப்பிடித்த கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்காதீர்கள். போஸ்ட் விழுந்திருக்கலாம், ஓரம் திறந்திருக்கலாம். பாலிஷ் போடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியை மட்டும் எடுங்கள். பெட்டிக்குள் உதிர்ந்து கிடக்கும் சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள், விளிம்பில் உடைந்த சில்லு அசல் சில்லாகவே கிடைத்தால் ரிப்பேர்காரருக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. அவரிடம் விலை என்ன பெறும் என்று கேட்பதற்கு முன், இது வாசிக்கும் நிலைக்கு வர என்ன செலவாகும் என்று கேளுங்கள். புது பிரிட்ஜ், போஸ்ட், கம்பிகள், பிரடைத் துளை சீர்ப்படுத்தல், ஓரம் ஒட்டுதல், இவ்வளவோடு முடிந்தால் தயங்காமல் கொடுத்துவிட்டு வாருங்கள். போஸ்ட் நிற்கும் இடத்திலேயே முதுகுப் பலகையில் விரிசல் என்றால் அது கனமான வேலை, இன்னொருவரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யலாம்.